பழக்கத்தின் இருப்பிடம் சிறுமூளை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள் பெரியோர். அந்தச் சிரசுக்குள்ளே பிரதானமானது எது என்று கேட்டால், எவரும் தயங்காமல் பெருமூளை என்றே கூறுவர். நினைப்பது, பேசுவது, கணக்குப் போடுவது, கவிதை புனைவது யாவும் பெருமூளையின் தொழில்கள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதே பாடத்தில் சிறுமூளைக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வரிதான். சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது என்பதே அவ்வரி. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால் உண்மைக்கு அது போதுமா என்பதே கேள்வி.

ஒரு கணக்கைப் பாருங்கள். பிரேசில் நாட்டு அறிவியலார் 2009ஆம் ஆண்டில், வயது வந்த ஆண்கள் நால்வரின் மூளைகளை எடுத்து, அவற்றைக் கரைசலாக்கி, அதிலுள்ள செல் உட்கருக்களை எண்ணிப் பார்த்தனர். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பது தெரிந்தது. அவற்றுள் பெருமூளைப் புறணியில் இருப்பவை சுமார் 1,600 கோடி. சிறுமூளையில் இருப்பவையோ சுமார் 6,900 கோடி! எடையில் மூளை முழுவதிலும் பத்தில் ஒரு பங்கே உள்ள உறுப்பு, நரம்புச் செல்களில் ஐந்தில் நான்கு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கிறது. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது இதற்கே பொருந்தும்.

வெறும் சமநிலையைக் காப்பதற்கா இத்தனை கோடிச் செல்கள்? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சிறு சோதனை

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உங்கள் கையிலுள்ள இம்மலரே போதும். தலையை அசைக்காமல், மலரை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பி மறையும். இப்போது மலரை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படியுங்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியும்!

இரண்டிலும் அசைவு ஒன்றுதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது? மலர் ஆடும்போது, கண்ணானது முதலில் அதைப் பார்த்து, அதன் பிறகே பின்தொடர வேண்டும். அதற்குச் சுமார் பத்தில் ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் எழுத்து நகர்ந்துவிடுகிறது. தலை ஆடும்போதோ, உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் அவ்வசைவை உடனே உணர்ந்து செய்தி அனுப்புகின்றன. சுமார் நூறில் ஒரு விநாடிக்குள் கண்கள் எதிர்ப்புறமாக அதே அளவு திரும்பிவிடுகின்றன. இந்த அனிச்சைச் செயலின் நேர்வழி மூளைத்தண்டில் உள்ளது. ஆனால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவைச் சரிபார்த்துத் தருவது சிறுமூளை.

புதிதாக மூக்குக் கண்ணாடி அணிந்த நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் தரை மேடுபள்ளமாகத் தோன்றும். தலையைத் திருப்பினால் சுவரும் கூடவே நீந்தும். நான்கைந்து நாள்களில் எல்லாம் சரியாகிவிடும். கண்ணாடி மாறவில்லை, கண்ணும் மாறவில்லை. கண் திரும்ப வேண்டிய அளவுதான் உள்ளே திருத்தி எழுதப்பட்டது. சிறுமூளையில் இதற்குரிய பகுதியை இழந்த விலங்குகளால் இவ்வாறு பழகிக்கொள்ள முடிவதில்லை.

ஆக, நிகழப் போவதை முன்னதாகக் கணக்கிடுவது, கணக்குத் தவறினால் அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்வது ஆகிய இரண்டும் சிறுமூளையின் முதன்மையான தொழில்கள். இனி இத்தொழிலுக்கேற்ப அது எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைக் காண்போம்.

இருப்பிடமும் உருவமும்

பிடரிக்குச் சற்று மேலே, பெருமூளையின் பின்பகுதிக்குக் கீழே, மூளைத்தண்டின் முதுகுப்புறத்தில் சிறுமூளை அமர்ந்திருக்கிறது. வயது வந்தவரிடம் இதன் எடை ஏறத்தாழ 150 கிராம். இதன் லத்தீன் பெயரான செரிபெல்லம் என்பதற்கும் சின்ன மூளை என்றே பொருள். இடம், வலம் என இரு அரைக்கோளங்களும், அவற்றை இணைக்கும் நடுப்பகுதியும் இதற்கு உண்டு. நடுப்பகுதி வளையம் வளையமாகப் புழுவைப் போல் தோன்றுவதால் அதற்குப் புழு என்ற பொருள்படும் வெர்மிஸ் என்னும் பெயரையே இட்டுவிட்டனர்.

பெருமூளையின் மடிப்புகள் தடித்து வளைந்து செல்பவை. சிறுமூளையின் மடிப்புகளோ மெல்லியவை. ஓலைச்சுவடியின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக அடுக்கப்பட்டவை. இவற்றை முழுவதும் விரித்தால் பெருமூளைப் புறணியின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு வரும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளியே சாம்பல் நிறப் புறணியும் உள்ளே கிளை பிரியும் வெண்ணிறப் பொருளும் சேர்ந்து ஒரு மரம்போலக் காட்சியளிக்கும். பழைய உடற்கூற்று நூலார் இதனை உயிர்மரம் என்று அழைத்தனர். மரத்தின் அடியில், வெண்ணிறப் பொருளுக்குள் புதைந்தவாறு, பக்கத்திற்கு நான்காக நரம்புச் செல் திரள்கள் உள்ளன. இவை ஆழ்கருக்கள் எனப்படும். இவற்றுள் பெரியது பல்வரிசை போன்ற விளிம்புடைய டென்டேட் கரு.

மேல், நடு, கீழ் என மூன்று இணைக் காம்புகள் சிறுமூளையை மூளைத்தண்டுடன் பிணைக்கின்றன. கீழ்க்காம்பின் வழியாகத் தண்டுவடத்திலிருந்தும் முகுளத்திலிருந்தும் செய்திகள் வருகின்றன. நடுக்காம்பின் வழியாகப் பெருமூளையின் எண்ணங்கள் பான்ஸ் என்னும் பாலத்தைக் கடந்து வந்து சேருகின்றன. மேல்காம்பு பெரும்பாலும் வெளியே செல்லும் வழி. உள்ளே வரும் இழைகள் ஏறத்தாழ நாற்பது என்றால் வெளியே செல்லும் இழை ஒன்றுதான் என்பர். நாற்பது பேரிடம் கேட்டு ஒரு சொல் சொல்லும் பண்பு இதற்கு உண்டு.

இங்கே தேர்வுக்கும் உதவும் ஒரு செய்தி. இடப் பெருமூளை வல உடலை ஆள்கிறது. ஆனால் இடச் சிறுமூளை இட உடலுக்கே உதவுகிறது. காரணம் எளியது. இடச் சிறுமூளையிலிருந்து செல்லும் செய்தி ஒருமுறை குறுக்கே கடந்து வலப் பெருமூளையை அடைகிறது. அங்கிருந்து உடலுக்கு வரும் ஆணை மறுபடியும் குறுக்கே கடந்து இடப்பக்கத்துக்கே வந்துவிடுகிறது.

மூன்று அடுக்குகளும் செல்களும்

பெருமூளைப் புறணி பொதுவாக ஆறு அடுக்குகளை உடையது. இடத்துக்கு இடம் அதன் அமைப்பும் மாறுபடும். சிறுமூளைப் புறணிக்கு மூன்றே அடுக்குகள். எங்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான்.

அடியில் இருப்பது குருணை அடுக்கு. பெயருக்கேற்பக் குருணை அரிசியைக் கொட்டி வைத்தாற்போல் மிகச் சிறிய செல்கள் இதில் நிறைந்துள்ளன. மூளையின் நரம்புச் செல்களில் பெரும்பான்மையானவை இக்குருணைச் செல்களே. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து குட்டைக் கைகள் மட்டுமே உண்டு.

நடுவில் ஒற்றை வரிசையாக நிற்பவை புர்கின்ஜி செல்கள். செக் நாட்டவரான புர்கின்ஜி என்ற அறிஞர் 1837இல் இவற்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். குடுவை போன்ற உடலும், அதிலிருந்து மேல்நோக்கிப் படரும் அடர்ந்த கிளைகளும் கொண்ட இச்செல், காண்பதற்கு அழகானது. இதில் ஒரு விந்தை உண்டு. அதன் கிளைகள் மரத்தைப் போல நாற்புறமும் பரவுவதில்லை. விசிறியைப் போலத் தட்டையாக ஒரே தளத்தில் பரவுகின்றன. மனிதச் சிறுமூளையில் இவை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி.

மேலே இருப்பது மூலக்கூறு அடுக்கு. இதில் செல்கள் குறைவு, இழைகள் மிகுதி. குருணைச் செல்லின் ஆக்ஸான் மேல்நோக்கி ஏறி இவ்வடுக்கை அடைந்ததும், T என்ற எழுத்தைப் போல இருபுறமும் பிரிந்து நேராக ஓடுகிறது. இவை இணை இழைகள் எனப்படும். தறியில் பாவு இழைகள் அச்சின் பற்களுக்கு ஊடே வரிசையாகச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே இணை இழைகள், வரிசையாக நிற்கும் புர்கின்ஜி விசிறிகளுக்கு ஊடே செங்குத்தாகக் கடந்து செல்கின்றன. ஒரு புர்கின்ஜி செல்லின் கிளைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணை இழைகள் வந்து தொடுகின்றன. மூளையின் வேறு எந்தச் செல்லும் இத்தனை பேரின் பேச்சைக் கேட்பதில்லை.

இவற்றைத் தவிரக் கூடைச் செல், விண்மீன் செல், கோல்கி செல் என்பனவும் உண்டு. இவை அண்டைச் செல்களை அடக்கி, தேவையற்ற ஆரவாரத்தைக் குறைக்கின்றன.

இந்நுண்ணிய அமைப்பு நமக்குத் தெரிய வந்த வரலாறும் சுவையானதே. இத்தாலியரான கமிலோ கோல்கி 1873இல் வெள்ளி உப்பைக் கொண்டு செல்களைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டார். ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ ரமோன் இ கஹால் அம்முறையை மேம்படுத்தி, 1888இல் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்தார். நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையல்ல, ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்று அதிலிருந்து உரைத்தார். கோல்கியோ வலை என்றே சாதித்தார். கருத்தில் எதிரெதிராக நின்ற இருவருக்கும் 1906இல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் கஹாலின் பக்கமே சாய்ந்தன.

இருவகைச் செய்திகள்

சிறுமூளைக்குள் வரும் முதன்மையான இழைகள் இருவகை. ஒன்று பாசி இழை. நுனியில் பாசி படர்ந்தாற்போல் இருப்பதால் இப்பெயர். தசைகள் எவ்வளவு நீண்டுள்ளன, மூட்டு எவ்வளவு மடங்கியுள்ளது, தலை எப்பக்கம் சாய்கிறது, பெருமூளை என்ன ஆணையிட்டுள்ளது ஆகிய செய்திகளையெல்லாம் இவை கொண்டுவந்து குருணைச் செல்களிடம் சேர்க்கின்றன. குருணைச் செல்கள் அவற்றை இணை இழைகளின் வழியாகப் புர்கின்ஜி செல்களுக்கு எடுத்துரைக்கின்றன. சுருங்கச் சொன்னால், இப்போது நிலைமை என்ன என்பதைக் கூறுவது பாசி இழை.

மற்றொன்று ஏறு இழை. முகுளத்திலுள்ள ஆலிவ் என்னும் கருவிலிருந்து புறப்பட்டு எதிர்ப்பக்கத்துச் சிறுமூளைக்கு வரும் இவ்விழை, மரத்தில் ஏறும் கொடியைப் போலப் புர்கின்ஜி செல்லைச் சுற்றிப் படர்கிறது. வளர்ந்த விலங்கில் ஒரு புர்கின்ஜி செல்லுக்குப் பொதுவாக ஓர் ஏறு இழைதான். ஆனால் அந்த ஒன்று, நூற்றுக்கணக்கான இடங்களில் அதைத் தொடுகிறது. லட்சம் இணை இழைகள் முணுமுணுக்கின்றன என்றால், ஏறு இழை உலுக்கி எழுப்புகிறது. அதுவும் விநாடிக்கு ஏறத்தாழ ஒருமுறைதான். செய்ய நினைத்ததும் செய்து முடித்ததும் வேறுபடும்போது இவ்வுலுக்கல் வருகிறது. நடந்தது தவறு என்பதைக் கூறுவது ஏறு இழை.

அடக்குவதே ஆளும் முறை

இத்தனையும் கேட்டபின் புர்கின்ஜி செல் என்ன சொல்கிறது? சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே செல்லும் ஒரே வழி அதன் ஆக்ஸான்தான். ஆகவே அது செயலைத் தூண்டும் செல்லாகவே இருக்க வேண்டும் என்று எவரும் எண்ணுவர். ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோவும் அவருடன் உழைத்தவரும் 1964இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறாக இருந்தது. புர்கின்ஜி செல் எதையும் தூண்டுவதில்லை. தான் தொடும் செல்களை அடக்குகிறது. நிறுத்து என்ற ஒரு சொல்லைத் தவிர அதற்கு வேறு சொல் தெரியாது.

நிறுத்து என்று மட்டும் சொல்லி உடலை எப்படி நடத்துவது? ஏரி மதகை நினைத்துப் பாருங்கள். ஏரியில் நீர் எப்போதும் முட்டிக்கொண்டே இருக்கிறது. மதகுக்காரர் நீரைத் தள்ளுவதில்லை. பலகையை இறக்குகிறார், ஏற்றுகிறார். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு பாய வேண்டும் என்பது அப்பலகையால் முடிவாகிறது. ஆழ்கருக்களில் உள்ள செல்கள் எப்போதும் செய்தி அனுப்பத் துடித்துக்கொண்டிருப்பவை. புர்கின்ஜி செல்கள் அவற்றின்மேல் இறங்கி நிற்கும் பலகைகள். உரிய நொடியில் சில புர்கின்ஜி செல்கள் வாய்மூடினால், அதற்குரிய ஆழ்கருச் செல்கள் விடுபட்டு, அசைவு சரியான நேரத்தில் சரியான அளவில் வெளிப்படுகிறது.

இந்த முழுச் சுற்றையும் ஜான் எக்கிள்ஸ், இட்டோ, ஹங்கேரி நாட்டு யானோஸ் சென்டகோத்தை ஆகிய மூவரும் 1967இல் வெளியிட்ட நூலில் தொகுத்துரைத்தனர். சிறுமூளை ஒரு நரம்புப் பொறி என்பதே அந்நூல் சொன்ன கருத்து.

போர்க்களம் தந்த பாடம்

பொறி பழுதானால்தான் அதன் அருமை புலப்படும். பிரெஞ்சு நாட்டு ஃப்ளூரன்ஸ், புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக நீக்கிப் பார்த்து, 1824இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அப்புறாக்கள் பார்த்தன, கேட்டன, தப்பிக்க முயன்றன. ஆனால் அவற்றின் நடையும் பறத்தலும் ஒழுங்கிழந்தன. வலிமை போகவில்லை, ஒருங்கிணைப்புப் போயிற்று.

மனிதரிடம் இதனைத் தெளிவாகக் காணும் வாய்ப்பை முதல் உலகப்போர் அளித்தது. கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர், பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றினார். பின்மண்டையில் குண்டுக் காயம்பட்ட வீரர்களை அவர் ஆராய்ந்து 1917இல் எழுதினார். ஒருபக்கச் சிறுமூளை மட்டும் காயப்பட்டவர்களிடம், அப்பக்கத்துக் கைகால்கள் மட்டுமே கெட்டிருந்தன. அதே மனிதரின் மறுகை நலமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆளே தேவைப்படவில்லை.

காயப்பட்ட பக்கத்துக் கையால் மூக்கைத் தொடச் சொன்னால், இலக்கை நெருங்க நெருங்கக் கை நடுங்கியது. மூக்கைத் தாண்டியும் சென்றது. உள்ளங்கையை மேலும் கீழுமாக விரைந்து புரட்டச் சொன்னால் தாளம் தவறியது. மடக்கிய கையை மருத்துவர் எதிராக இழுத்துப் பிடித்துத் திடீரென விட்டால், கை நிற்காமல் சென்று உடலில் மோதியது. தசையில் பலம் இருந்தது; நிறுத்தும் அளவு தெரியவில்லை. நோயாளி ஒருவர் ஹோம்ஸிடம், நல்ல கை தானாக வேலை செய்துகொள்கிறது, கெட்ட கைக்கோ ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற பொருள்படக் கூறினார்.

இக்கூற்றைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். நாம் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போது, தோள் எவ்வளவு, முழங்கை எவ்வளவு, விரல் எப்போது என்று எண்ணுவதில்லை. எண்ணாமல் செய்யும் அந்த உரிமையைத்தான் அவ்வீரர் இழந்திருந்தார்.

பழக்கம் உண்டாவது எப்படி?

பிறக்கும்போதே மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர் இல்லை. விழுந்து விழுந்தே கற்கிறோம். விழும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

டேவிட் மார் என்ற ஆங்கிலேயர் 1969இல் ஒரு கருத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 24. நம்மைவிட நான்கைந்து வயதே மூத்தவர் என்பதை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும்! ஏறு இழை ஆசிரியர். புர்கின்ஜி செல் மாணவர். ஏறு இழை உலுக்கும்போது, அந்நேரத்தில் பேசிக்கொண்டிருந்த இணை இழைகளின் தொடர்பு மாறிவிடுகிறது என்பதே அக்கருத்தின் சாரம். மாற்றம் வலுவடைவதாக இருக்கும் என்றார் மார். வலுக்குறைவதாகவே இருக்க வேண்டும் என்று 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் வாதிட்டார். முயல்களில் சோதனை செய்த இட்டோ குழுவினர் 1982இல் ஆல்பஸின் பக்கம் தீர்ப்பளித்தனர். இருவகை இழைகளையும் சேர்த்துத் தூண்டியபோது, இணை இழைத் தொடர்பு நெடுநேரம் வலுக்குறைந்து கிடந்தது. கற்றலுக்கு இது ஒன்றே வழியன்று, சிறுமூளையில் வேறு இடங்களிலும் மாற்றங்கள் நிகழ்கின்றன என்று இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் தவற்றின் செய்தியே திருத்தத்தின் விதை என்ற அடிப்படை நிலைத்து நிற்கிறது.

எளிய சான்று ஒன்று உண்டு. முயலுக்கு ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, சற்றுப் பொறுத்துக் கண்ணில் காற்றை ஊதினால் அது இமைக்கும். பலமுறை இவ்வாறு செய்தபின், ஒலியைக் கேட்டதுமே, காற்று வரும் நேரத்தைக் கணித்து இமை மூடிக்கொள்ளும். ரிச்சர்ட் தாம்ப்சன் என்ற அமெரிக்கரும் அவருடைய மாணவர்களும் 1980களில், சிறுமூளையின் ஆழ்கருக்களில் ஒன்றைச் சிறிதளவு சிதைத்தனர். கற்ற இமைப்பு மறைந்தது. காற்று பட்டால் இயல்பாக இமைப்பது மட்டும் அப்படியே இருந்தது. பிறவிச் செயல் வேறு, பழகிய செயல் வேறு. பழக்கம் எழுதப்பட்ட ஏடு சிறுமூளையில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் சிறுமூளை ஒரு காரணம் என்று 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினர். நம் கை எங்கே படப்போகிறது என்பதைச் சிறுமூளை முன்பே கணித்துவிடுவதால், அவ்வுணர்ச்சி மட்டுப்பட்டுப் போகிறது!

அசைவுக்கு அப்பாலும்

சிறுமூளையின் வேலை தசைகளோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்களான ஷ்மாமனும் ஷெர்மனும் 1998இல், சிறுமூளை நோயாளிகள் பலருக்குத் திட்டமிடுதல், சொற்களைத் தேடிப் பேசுதல், உணர்ச்சிகளை அளவோடு காட்டுதல் ஆகியவற்றிலும் குறைபாடு இருப்பதை எடுத்துக்காட்டினர். சிறுமூளைப் புறணி எங்கும் ஒரே அமைப்பு என்று முன்பே கண்டோம். அதன் பக்கப்பகுதிகள் பெருமூளையின் சிந்தனைப் பகுதிகளோடு இணைந்துள்ளன. கையசைவின் தடுமாற்றத்தைத் திருத்தும் அதே சுற்று, எண்ணத்தின் தடுமாற்றத்தையும் திருத்துகிறது போலும்.

சீனாவில் 24 வயதுப் பெண்மணி ஒருவருக்குச் சிறுமூளையே இல்லை என்பது தெரியவந்து, 2014இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவர் தெளிவாகப் பேசியது ஆறு வயதில். தனியே நடந்தது ஏழு வயதில். எனினும் நடந்தார், மணம் புரிந்தார், தாயும் ஆனார். சிறுமூளை இன்றி வாழ முடியும். ஆனால் எல்லாவற்றையும் காலந்தாழ்ந்து, கடினப்பட்டுக் கற்க வேண்டும்.

தள்ளாட்டத்தைக் கண்டு தாழ்த்தலாமா?

சாராயம் சிறுமூளையை விரைவில் தாக்குகிறது. குடித்தவர் தள்ளாடுவதும், நாக்குக் குழறுவதும், கோட்டின்மேல் நடக்க முடியாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். பல ஆண்டுகள் மிகுதியாகக் குடிப்பவர்களுக்குச் சிறுமூளையின் நடுப்பகுதியிலுள்ள புர்கின்ஜி செல்கள் மடிந்து, குடிக்காத நாளிலும் கால்களை அகல வைத்தே நடக்க நேரிடும். இறந்த செல்கள் மீள்வதில்லை.

ஆனால் தள்ளாடுவோர் எல்லாரும் குடித்தவர் அல்லர். பரம்பரையாக வரும் அட்டாக்சியா நோய்களில், ஒரு சொட்டும் தொடாதவர்கள் அதே போலத் தள்ளாடுகிறார்கள். அதே போலக் குழறுகிறார்கள். தெருவில் அவர்களைக் காண்போர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். நோயைவிட இப்பழியே அவர்களுக்குப் பெருந்துன்பம். பெரும்பாலான பரம்பரை வகைகளை முற்றும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. முறையான உடற்பயிற்சிச் சிகிச்சை உதவுகிறது. வைட்டமின் ஈ குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு போன்றவற்றால் வரும் தள்ளாட்டத்துக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே மருத்துவரிடம் காட்டாமல் விதி என்று விட்டுவிடலாகாது. திடீரெனத் தலைசுற்றி, நிற்கவே முடியாமல் ஒருவர் சரிந்தால், அது சிறுமூளையின் இரத்தக் குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். பித்தம் என்று எலுமிச்சம்பழம் தேடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கைவேலையும் மூளைவேலையும்

நம் சமூகத்தில் தொழில்களை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். மேசையில் அமர்ந்து செய்வது மூளைவேலை, மற்றவை கைவேலை. படிப்பு ஏறாதவன் கைவேலைக்குப் போகட்டும் என்று பெரியவர்களே பேசக் கேட்டிருக்கிறோம். மேலே கண்ட செய்திகளுக்குப் பின்னும் இவ்வாறு பேச முடியுமா?

என் தந்தையார் கைத்தறி நெசவாளர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவருடைய வலக்கை கயிற்றை இழுக்க நாடா பறக்கும்; இடக்கை பலகையை முன்னே தட்டும்; கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கும். இவற்றுள் ஒன்று அரை நொடி பிந்தினாலும் இழை அறும். இவ்வளவையும் செய்துகொண்டே அவர் என்னிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பார். சிறுமூளையைப் பற்றிப் படித்தபின் ஒருநாள், கயிற்றை எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும் என்று அவரைக் கேட்டேன். சிறிது நேரம் யோசித்தார். "சொல்லத் தெரியலப்பா, கிட்ட வந்து கையைப் பாரு" என்றார்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது சொல்லில் அடங்குவதாக இல்லை. ஏட்டில் எழுதும் அறிவு ஒருவகை. லட்சம் முறை பிழைத்துத் திருத்தி இணை இழைத் தொடர்புகளில் எழுதப்படும் அறிவு இன்னொருவகை. இதில் பெருமூளைக்கும் பிற பகுதிகளுக்கும் பங்கு உண்டு. சிறுமூளை மட்டுமே எல்லாம் என்று கூறுவது பொருந்தாது. ஆனால் மூளையின் நரம்புச் செல்களில் ஐந்தில் நான்கு பங்கு குடியிருக்கும் உறுப்பின் உழைப்பை, மூளை வேண்டாத வேலை என்று சொல்வது உடற்கூற்றுக்கே முரணாகும். கொத்தனாரின் கரண்டியும், தையற்காரரின் ஊசியும், அறுவை மருத்துவரின் கத்தியும், வீணைக் கலைஞரின் விரலும் இந்த ஒரே சுற்றின் உதவியால்தான் தேர்ச்சி பெறுகின்றன. கூலியில் வேற்றுமை இருக்கலாம். செல்களின் வேலையில் வேற்றுமை இல்லை.

முடிவுரை

சிறுமூளையின் வேலை முழுவதும் விளங்கிவிடவில்லை. சிந்தனைக்கு அது எவ்வாறு உதவுகிறது, இத்தனை கோடிக் குருணைச் செல்கள் செய்திகளை எவ்வாறு பகுத்து வைக்கின்றன என்பன போன்ற வினாக்களை இன்றும் உலகெங்கும் ஆராய்ந்து வருகின்றனர். 24 வயதில் ஒருவர் எழுதிய கருத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக அத்துறையை வழிநடத்துகிறது. விலங்கியலும் இயற்பியலும் கணிதமும் பயிலும் நம் போன்றோருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நமக்குப் பின் வரும் தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது, சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது என்ற வரியோடு இன்னொரு வரியையும் சேர்த்துச் சொல்வோம்: செய்ய நினைத்ததையும் செய்து முடித்ததையும் ஒப்பிட்டு, பிழையைத் திருத்தி, அதைப் பழக்கமாக்கித் தருவதும் சிறுமூளையே.